அலையில்லாத கடலும் கிளிப்பச்சைச் சட்டையும்

போன மழையில் எங்கள் வீட்டில் மூன்று நாள் துணி காயவில்லை. இந்த வாரம் நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

சிரிக்காதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். ஊரே அடைமழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பஜ்ஜி போடும்போது, நான் கேமராவை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கும்பகோணத்திலிருந்து கடற்கரைக்குக் கிளம்புகிறவள். புயல் நேரத்துக் கடலைப் படம் எடுப்பதில் அப்படி ஓர் ஆசை. தரங்கம்பாடிப் பக்கம், பூம்புகார் பக்கம்... காற்று ஆளைத் தள்ளும். லென்ஸில் உப்பு படியும். எடுத்ததில் ஒன்றிரண்டு தேறினால் அதிகம்.

வண்டி ஓட்டுவது என் கணவர். "உனக்கு அலை வேணும்ங்கிறதுக்காக எனக்கு ஜுரம் வரணுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஓட்டுவார். எச்சரிக்கை இருக்கும்போது போலீஸ் விடாது. நானும் போக மாட்டேன். புயல் கரையைக் கடந்து ஒரு நாள், இரண்டு நாள் ஆன பிறகுதான் என் நேரம். அப்போதும் கடலுக்குக் கோபம் தீர்ந்திருக்காது.

எனக்கு ஒரு விதி உண்டு. என் படத்தில் மனிதர் யாரும் வரக் கூடாது. கடல் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு முறையும் கரையில் நான் அதிகம் சொல்கிற வாக்கியம், "ஏங்க, நகருங்க... படத்துல விழறீங்க" என்பதுதான். பாவம், அவரும் குடையோடு ஒதுங்கி நிற்பார்.

இந்த டிசம்பரில் போக முடியவில்லை. புயல் கரையைக் கடந்த பிறகும் மழை விடவே இல்லை. வீட்டில் அடைந்து கிடந்த எரிச்சலில், போன வருடம் எடுத்த படம் ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். கறுத்த வானம், பனைமர உயரத்துக்கு ஓர் அலை. கீழே 'கடல் கூப்பிடுகிறது' என்று ஒரு வரி. அவ்வளவுதான். இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

மறுநாள் காலை காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். போன் வந்தது. மஞ்சுளா.

மஞ்சுளா என் கொழுந்தனாரின் மனைவி. அவர் துபாயில் இருக்கிறார். இவள் குத்தாலம் தாண்டிக் கிழக்கே, கடலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற எங்கள் ஊரில், சொந்த நிலத்தோடு குத்தகைக்கும் எடுத்துச் சம்பா நட்டிருக்கிறாள். படபடவென்று பேசுகிறவள். அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, ஸ்டேட்டஸ்ல ஒரு படம் போட்டீங்களே... அது நேத்து எடுத்ததா?"

"இல்ல மஞ்சு, போன வருஷம் எடுத்தது."

 

"அதைப் பாத்துட்டுதான்க்கா இங்க வடிகால் ஷட்டரைத் தொறக்காம வச்சிருக்காங்க" என்றாள்.

காபியைக் கீழே வைத்தேன்.

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயலில் நிற்கிற மழைத்தண்ணீர் வாய்க்கால், வடிகால் எல்லாம் தாண்டிக் கடைசியில் கடலுக்குத்தான் போக வேண்டும். கடல் பொங்கி நின்றால் அந்தத் தண்ணீரை ஏற்காது. 'கடல் வாங்கல' என்பார்கள் எங்கள் பக்கத்தில். அந்த நேரத்தில் வடிகாலின் குறுக்கே இருக்கிற மதகுக் கதவை, அதாவது ஷட்டரை, தூக்கினால் உள்ளே இருப்பது வெளியே போகாது. வெளியே இருக்கிற உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிடும். தூக்காமல் விட்டாலோ, வயலில் நிற்கிற தண்ணீரிலேயே பயிர் அழுகும். மஞ்சுளாவின் சம்பாவுக்குக் கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே, தொண்டையில் இருந்தது. இன்னும் ஒரு நாள் முழுகிக் கிடந்தால் அந்தக் கதிர் வெளியே வராது.

என் படம் எப்படிப் போயிருக்கிறது தெரியுமா? ஸ்டேட்டஸைப் பார்த்த எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அதை விவசாயிகள் குரூப்பில் போட்டிருக்கிறார். 'கடல் கொந்தளிப்பு, ஷட்டரைத் தொடாதீர்கள்' என்று நல்லெண்ணத்தில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். இரண்டு மூன்று ஊர்க் குரூப்புகளுக்கு அது பறந்துவிட்டது.

"பழைய படம்னு சொல்லிடேன் மஞ்சு."

"இதோ, பக்கத்துல நிக்கறவங்ககிட்ட சொல்லிட்டேன்க்கா. 'சரிம்மா, அப்ப இன்னிக்குக் கடல் எப்படி இருக்கு'ன்னு லஸ்கர் அண்ணன் கேக்கறாரு. நான் என்னத்த சொல்றது?"

ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் பொதுப்பணித்துறை ஊழியரான லஸ்கரின் பொறுப்பு. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கரண்ட் இல்லை. கையால் சுற்றித்தான் தூக்க வேண்டும். தூக்கிய பிறகு உப்புத்தண்ணீர் வந்தால் சட்டென்று இறக்கவும் முடியாது. ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகிற ரோடு முழுகிக் கிடந்தது. கரையில் இருப்பவர்களைக் கேட்கலாம் என்றால் அங்கே டவர் செத்துப்போயிருந்தது.

"மெயின் ரோடு வழியா நீங்க போக முடியும்க்கா. போய் இன்னிக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்க. படத்தைப் பாத்து மூடினாங்க, படத்தைப் பாத்துதான் தொறப்பாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் கிளம்பி நிற்கிறார். அவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்ததும் அந்த நிலைமையிலும் எனக்குக் கோபம் வந்தது.

அது இந்த வருடத் தீபாவளிச் சட்டை. என்னைக் கேட்காமல் அவரே போய் எடுத்தது. கிளிப்பச்சை. கிளியே பார்த்தால் வெட்கப்படும், அப்படி ஒரு பச்சை. தீபாவளிக்கு மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனோம். தெருவே வெளியே வந்து பார்த்தது. "மாமா, வயப்பக்கம் போயிடாதீங்க, பயிரோட பயிரா தேட வேண்டியிருக்கும்" என்று மஞ்சுளா கேலி செய்தாள். வந்ததும் பீரோவின் அடியில் நான்தான் அதை ஒளித்து வைத்தேன்.

"வேற சட்டையே இல்லியா?"

"எல்லாம் கொடியில ஈரமா தொங்குது. இது ஒண்ணுதான் காஞ்சு கெடந்துது."

சண்டை போட நேரமில்லை. கிளம்பினோம்.

குத்தாலம் தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர். வரப்பு எது, வயல் எது என்று தெரியவில்லை. பயிரின் நுனி மட்டும் ஆங்காங்கே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மனசுக்குள் ஒரு வேண்டுதல் ஓடும். பெரிய அலையாக இருக்கணும், பெரிய அலையாக இருக்கணும் என்று. அன்றைக்கும் பழக்கத்தில் அது ஆரம்பித்தது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன முணுமுணுக்கறே?"

"அலையே இருக்கக் கூடாதுங்க."

அவர் வண்டியை ஓட்டியபடி என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள். நான் ஆசை ஆசையாகப் படம் எடுத்த ஒவ்வொரு பெரிய அலைக்கும் உள்ளே எங்கேயோ ஒருத்தியின் வயலில் தண்ணீர் ஏறியிருக்கும். எனக்கு நல்ல படம் கிடைத்த நாளெல்லாம் மஞ்சுளாவுக்குத் தூக்கம் இல்லாத நாள். ஒரே கடல்தான். நான் ஒன்று கேட்டேன், அவள் ஒன்று கேட்டாள். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவள் என்னிடம் அதைச் சொன்னதில்லை. கரைக்குப் போகிற வழியில் அவள் வீட்டில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் சூடாகக் காபி போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறாள்.

கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். இறங்கிப் பார்த்தால்...

கடல் படுத்துக் கிடந்தது. முகத்துவாரத்தில் பழுப்புத் தண்ணீர் ஒரு தடையும் இல்லாமல் நேராகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "நேத்து சாயங்காலமே எறங்கிடுச்சும்மா" என்றார்.

நேற்று சாயங்காலமே. என் ஸ்டேட்டஸ் மட்டும் இல்லையென்றால் இந்நேரம் பாதித் தண்ணீர் வடிந்திருக்கும். அழுகை வந்தது எனக்கு. ஆனால் அழவும் நேரமில்லை. போனை எடுத்தேன். படபடவென்று எடுத்துத் தள்ளினேன். வானம், பழுப்புத் தண்ணீர், சோம்பலான கடல். பல வருடப் பழக்கம் விடுமா? நடுவில், "ஏங்க, நகருங்க... படத்துல விழறீங்க" என்று வேறு கத்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு படத்தின் நடுவில் வந்து நின்றிருந்தார். அதை அழிக்கப் பார்த்தேன். ஈரக் கைக்கு ஸ்க்ரீன் அசையவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிக்னல் தேடித் திரும்பி வந்தோம். ஜன்னல் வழியாகப் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஒரு பாலத்தின் மேல் இரண்டு கோடு வந்தது. நல்லதாக நாலு படம் அனுப்பினேன்.

பதில் வந்தது. "அக்கா, இதுவும் பழசா இருந்தா என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. தப்பா நெனைக்காதீங்க."

எப்படித் தப்பாக நினைக்க முடியும்? ஒரு முறை ஏமாந்தவர்கள். ஆனால் கடலுக்குத் தேதி ஏது? இன்றைய கடல் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? திரும்பவும் கரைக்குப் போகலாமா என்று கேட்கத்தான் அவர் பக்கம் திரும்பினேன்.

கிளிப்பச்சை.

அந்தக் கெட்டுப்போன படத்தைத் தேடினேன். இருந்தது. நட்டநடுவில் கண்ணாடியைத் துடைத்தபடி அவர், பின்னால் முகத்துவாரம், அதற்கும் பின்னால் அமைதியான கடல். அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போனே வந்தது. பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"அக்கா, லஸ்கர் அண்ணனே சொல்லிட்டாரு. இது இந்த வருஷத் தீவாளிச் சட்டைதான், இந்தப் பச்சைய மறக்க முடியுமான்னு. எல்லாரும் ஷட்டருக்குக் கெளம்பிட்டாங்க."

இடுப்பளவுத் தண்ணீரில் போய், மாற்றி மாற்றிச் சுற்றி, ஷட்டரைத் தூக்கியிருக்கிறார்கள். தண்ணீர் பாய்கிற வீடியோவை மஞ்சுளா அனுப்பினாள். படம் ஆடியது, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. நாங்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம்.

மறுநாள் காலை அவளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "வரப்பு தெரியுதுக்கா."

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஓரத்துப் பயிர் கொஞ்சம் போய்விட்டது. மற்றதில் கதிர் வந்து நிற்கிறது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். மஞ்சுளா விடவில்லை. "காபி ஆறுதுக்கா, குடிங்க மொதல்ல" என்றாள். குடித்தேன். அந்தக் காபிக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டு ஹாலில் மாட்டியிருந்த பனைமர உயர அலையைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது பழுப்புத் தண்ணீரும் பச்சைச் சட்டையும் இருக்கின்றன. பிரேம் போட்டவர், "மேடம், நடுவுல ஒருத்தர் விழுந்திருக்காரே, கட் பண்ணிடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இத்தனை வருடமாக என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போன மனிதர். நான் எடுத்த கடல் படங்களில் அவர் இருக்கிற படம் இது ஒன்றுதான்.

அடுத்த தீபாவளிக்கு அவருக்கு நான்தான் சட்டை எடுக்கப்போகிறேன் — கரையில் நின்றால் ஊருக்கே தெரிகிற நிறத்தில்.