சக்களத்தி கரையேறிய நாள்

என் கணவர் படகு வாங்கிய செய்தி எனக்கு அவர் வாயிலிருந்து வரவில்லை. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரில், எங்கள் வீட்டுக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருப்பவர், கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே, "என்ன அக்கா, அண்ணை வள்ளம் வாங்கியிருக்கிறாராம்" என்று கேட்டார். எல்லாம் தெரிந்தவள் மாதிரி "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் அன்று பொழுதுபடுவதற்குள் அந்தக் கதை அடுத்த நகரமான வுப்பர்டால் வரை போயிருக்கும்.

அன்றைக்கே அந்தப் படகுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டேன். சக்களத்தி அப்படி ஒன்றும் அழகி இல்லை. பழைய, சிறிய மோட்டார் படகு. இரண்டு பேர் நெருக்கிப் படுக்கக்கூடிய ஒரு அறை, சாப்பாட்டு மேசை என்று சொல்லப்படும் ஒரு பலகை, அடிக்கடி இருமும் ஒரு எஞ்சின். நகருக்கு வெளியே, கால்வாயோரமாக இருக்கும் ஒரு படகுக் கழகத்தின் துறையில் கட்டிக் கிடந்தது. என் கணவர் பஸ் ஓட்டுநர். கிழமை முழுக்க ஊரை ஏற்றி இறக்கிவிட்டு, லீவு நாளிலும் போய் எதையாவது ஓட்ட வேண்டும் என்று ஒரு மனிதனுக்கு ஏன் தோன்றுகிறது என்று கேட்டேன். "பஸ்ஸில பின்னால ஆக்கள் இருப்பினம்" என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

என்னைக் கேட்காமல் வாங்கியதில் என் கால் படாது என்று சொல்லியிருந்தேன். கோபத்தில் சொன்னது. கோபம் சில மாதங்களில் ஆறிவிட்டது, சொன்ன சொல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு கோடையிலும் "இண்டைக்கு வாறியே?" என்று கேட்பார். எனக்குத் தலைசுற்றும் என்பேன், வேலை இருக்கிறது என்பேன், சமையல் கிடக்கிறது என்பேன். ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை விட்டுவிட்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

எங்கள் சொந்தக்காரர்களுக்கும் அந்தப் படகு பிடிக்கவில்லை, ஆனால் அவர்களுடைய காரணம் வேறு. மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில், "எங்கட பரம்பரையில ஆரும் வள்ளம் வைச்சிருந்ததில்லையே தம்பி" என்று பெருமூச்சு விட்டார். என் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், "என்ன மச்சான், விடியவெள்ளன மீனுக்குப் போறனீரோ?" என்று ஒரு கலியாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் கேட்டான். படகு என்றால் கடற்கரை ஆட்களின் தொழில் என்ற அந்த இளக்காரம், அகதியாக வந்த எங்களோடு சேர்ந்து விமானம் ஏறி, எந்த விசாரணையும் இல்லாமல் நிரந்தர வதிவிடமும் பெற்றிருந்தது. பக்கத்துப் படகின் ஜெர்மன்காரருக்குப் படகு என்றால் அந்தஸ்து, எங்கள் ஆட்களுக்கு அதுவே குறை. என் கணவர் இரண்டுக்கும் சிரித்துக்கொண்டிருப்பார்.

அப்படியிருந்த என் அண்ணன் செப்டம்பரில் ஒரு நாள் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். மகளுக்குச் சாமத்தியவீடு வைக்கப் போகிறானாம். பிள்ளை வயதுக்கு வந்து ஒரு வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது, ஆனால் இங்கே அது ஒரு பொருட்டில்லை. முதலில் மண்டபம் கிடைக்கும் நாள், அடுத்து வீடியோக்காரருக்கு வேறு வேலை இல்லாத நாள், இரண்டும் பொருந்திய பிறகு ஐயர் அந்த நாளுக்குள் ஒரு நல்ல நேரத்தைத் தேடி எடுத்துத் தருவார். அப்படி அமைந்தது நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மண்டபம் கால்வாய்க் கரையில் இருந்தது.

"மச்சான், பிள்ளை போட்டில வந்து இறங்கினா எப்பிடி இருக்கும்?" என்று அண்ணன் கேட்டான். போன மாதம் யாரோ ஒருவர் தன் மகளைப் பல்லக்கில் இறக்கியிருந்தார், அதற்கு முன் ஒருவர் மேல்மூடி இல்லாத காரில். அண்ணனுக்கு ஊரில் யாரும் செய்யாத ஒன்று வேண்டியிருந்தது. வள்ளமாக இருந்தது அவன் வாயில் போட் ஆகிவிட்டதை நான் கவனித்தேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கழகத்தில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முடிவதற்குள் கிரேன் வரும். எல்லாப் படகுகளையும் தூக்கிக் கரையில் வைத்து, மூடிக் கட்டிவிட்டு, வசந்தம் வரை மறந்துவிடுவார்கள். கோயில் திருவிழாவைப் போல அதற்கு ஒரு நாள், ஒரு ஒழுங்கு, முடிந்த பிறகு ஒரு சாப்பாடு. அந்த நாளைத் தவறவிடுவது என்றால் ஜெர்மன்காரர்களால் கற்பனைகூடச் செய்ய முடியாத காரியம். என் கணவர் தவறவிட்டார். "இல்லை மச்சான், ஏலாது" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "ஓம், பாப்பம்" என்றார். அண்ணன்தான் அவரை ஜெர்மனிக்கு வந்த புதிதில் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டவன், அந்த நன்றிக்கடனில்தான் நாக்கு எழவில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி மனிதர் என்று மனதுக்குள் திட்டினேன்.

நவம்பர் நடுப்பகுதி வரை மழையும் சேறுமாகத்தான் இருந்தது. ஒரு காலை எழுந்து பார்த்தால் கார்க் கண்ணாடியெல்லாம் வெள்ளை. வழக்கமாகத் தை மாதத்தில் வரும் குளிர், யாரையும் கேட்காமல் முன்னுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. வானொலியில் அடுத்த கிழமை இன்னும் மோசமாகும் என்றார்கள். கால்வாயின் நடுவில் சரக்குக் கப்பல்கள் போய்வருவதால் அங்கே பயமில்லை. துறைக்குள் தண்ணீர் அசையாமல் நிற்கும், அதுதான் முதலில் உறையும். உறைந்தால் படகு ஐஸுக்குள் சிக்கிக்கொள்ளும். ஐஸ் நெருக்கிப் படகின் உடம்பில் வெடிப்பு விழலாம். எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் இரும்பே பிளந்துவிடும். அதோடு சக்களத்தியின் கதை முடிந்தது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது சோற்று மேசையில்தான். அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், நான் கேட்காதது போல் கீரையைக் கிளறிக்கொண்டிருப்பேன்.

அந்தக் கிழமை முழுக்க அவர் பிரசவத்துக்குப் பெண்ணை வைத்திருக்கும் வீட்டுக்காரர் மாதிரி ஓடித் திரிந்தார். வேலை முடிந்ததும் துறைக்குப் போய் எஞ்சினிலிருந்து தண்ணீரை வடித்துவிடுவார். விடிந்ததும் போய் எதுவும் உறையவில்லையே என்று பார்ப்பார். படகைச் சுற்றி நீண்ட தடியால் மெல்லிய ஐஸை உடைத்துவிடுவார். எங்கள் கலியாணத்துக்கு வந்த, மயில் படம் போட்ட கம்பளிப் போர்வைகளை நான் ஒரு நாளும் பிரித்ததில்லை. அவையெல்லாம் எஞ்சினுக்கு மேல் போய்ச் சேர்ந்தன. வீட்டுக் குப்பை வாளியைக் கீழே கொண்டுபோக ஒரு கிழமை யோசிக்கிற மனிதர்.

"எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு போர்வை எடுத்துத் தந்தீங்களோ?" என்று கேட்டேன்.

"உனக்கு எஞ்சின் இல்லைத்தானே" என்றார்.

சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கைகளைப் பார்த்தபோது சிரிப்புப் போய்விட்டது. விரல் நுனிகள் வெடித்துச் சிவந்திருந்தன. அந்தக் கையால்தான் நாள் முழுக்கப் பஸ் ஓட்டுகிறார். அன்று எனக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தன் மகள் வீடியோவில் ஒரு நிமிடம் அழகாக வர வேண்டும் என்பதற்காக இன்னொருவனின் ஒரே ஆசையை ஐஸுக்குள் நிறுத்திவைத்திருக்கிறான் என்று தோன்றியது.

வியாழக்கிழமை எனக்குப் பின்னேர வேலை. முதியோர் இல்லத்துக்கு மதியத்துக்குப் பிறகு போனால் போதும். காலையில் கழகத்தின் பொறுப்பாளர் தொலைபேசியில் வந்தார். என் கணவர் பஸ் ஓட்டும்போது எடுக்க மாட்டார் என்பதால் என்னை அழைத்திருந்தார். குளிர் முந்திவிட்டதால் தாமதித்தவர்களுக்காகக் கிரேனை இன்று ஒரு தடவை வரவழைத்திருக்கிறார்களாம். நாளைக்குத் துறை முழுக்க உறைந்துவிடும் போலிருக்கிறதாம். "உங்கள் படகைத் தூக்கவா, விடவா?" என்றார். தூக்கினால் வசந்தம் வரை இறக்க முடியாது என்பதையும் மறக்காமல் சொன்னார்.

அண்ணனுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. மண்டபத்துக்குப் பூ கட்டுகிறவர்களோடு நிற்பான். கணவருக்குச் செய்தி போட்டேன், பார்க்கவில்லை. யோசிக்க நேரமில்லை. அண்ணன் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும், அவர் சொல்ல முடியாத "ஏலாது"வை நான் சொல்கிறேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த நினைப்பே எனக்கு இனிப்பாக இருந்தது. "தூக்குங்கோ" என்பதை ஜெர்மனில் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு டிராம் பிடித்து, பிறகு பஸ் பிடித்துப் போனேன்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருக்கும் போர்வைகளை நான்தான் எடுத்துத் தர வேண்டும் என்று. மற்றவரின் படகுக்குள் கால் வைக்க மாட்டார்கள், அது இவர்கள் மரியாதை. துறையில் நின்ற வயதான ஆண்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பழைய சபதத்தைப் பற்றி அவர்களுக்கு விளக்கும் அளவுக்கு என் ஜெர்மன் போதாது. ஏறினேன்.

காலுக்குக் கீழே படகு மெதுவாக ஆடியது. தலை சுற்றவில்லை. உள்ளே எங்கள் வீட்டைவிடச் சுத்தமாக இருந்தது. பலகை மேசையைத் துடைத்து மினுக்கி வைத்திருந்தார். சுவரில் இரண்டு கோப்பைகள் தொங்கின. ஒன்று தேத்தண்ணிக் கறை படிந்தது, மற்றதில் கடை ஒட்டுத்தாள்கூட உரிக்கப்படவில்லை. நான் போர்வைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இரண்டு பேர் தடிகளால் ஐஸை உடைத்துக்கொண்டு முன்னே போக, படகைக் கயிற்றில் இழுத்துக் கிரேனுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். ஐஸ் நொறுங்கும் சத்தம் அப்பளம் உடைப்பது போல இருந்தது. கிரேனின் பட்டிகள் இறுகி, தண்ணீர் ஒழுக ஒழுகச் சக்களத்தி ஆகாயத்துக்கு எழும்பினாள். ஏனோ நான் கைகூப்பிவிட்டேன். கழகத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார், எங்கள் மதத்தில் இதற்கும் ஒரு சடங்கு உண்டு என்று நினைத்திருப்பார். சக்களத்தியைக் காப்பாற்றிய முதல் பெண்சாதி நானாகத்தான் இருப்பேன் என்று பெருமையோடு வேலைக்குப் போனேன்.

வழியில் அண்ணன் அழைத்தான். சண்டைக்கு முழுதாகத் தயாராகி, "அண்ணா, போட்டைத் தூக்கியாச்சு. சனிக்கிழமைக்கு வராது" என்றேன்.

"அட, அதை விடு பிள்ளை" என்றான். "குளிர் எண்டு சொன்ன உடனயே நான் குதிரை வண்டில் பிடிச்சிட்டன். வீடியோக்காரரும் அதுதான் திறம் எண்டவர். உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன்."

எப்போது பிடித்தாய் என்று கேட்டேன். போன கிழமையாம். அவர் தடியும் போர்வையுமாக ஓடித் திரிந்த நாட்களெல்லாம் அந்தக் குதிரை எங்கோ ஒரு லாயத்தில் வெதுவெதுப்பாக நின்று வைக்கோல் தின்றிருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டாம். டிராமில் தமிழ் தெரிந்தவர் யாரும் இருக்கவில்லை என்று நம்புகிறேன்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் சோற்று மேசையருகே உட்கார்ந்திருந்தார். வரும் வழியில் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தேத்தண்ணி ஊற்றி முன்னால் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கிரேன், ஐஸ், அண்ணன், குதிரை. இனி விடியற்காலையில் ஓட வேண்டாம், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, அண்ணனிடம் பயப்படவும் தேவையில்லை என்றேன். ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"நல்லதுதான்" என்றார். முகத்தில் நல்லது எதுவும் தெரியவில்லை.

"என்ன, போட் தப்பினது சந்தோசமில்லையோ? என்ர அண்ணருக்குப் பயந்துதானே இவ்வளவும் பட்டனீங்கள்."

"உன்ர அண்ணருக்கு நான் ஏன் பயப்பிடோணும்? அவருக்கு ஏலாது எண்டு சொல்ல எனக்கென்ன வாய் இல்லையோ?"

"பிறகேன் ஓம் எண்டனீங்கள்?"

அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். வெடித்த விரல்கள் இன்னும் ஆறவில்லை.

"சாமத்தியப்பட்ட பிள்ளையைத் தனிய விடேலாதுதானே" என்றார். "மாமிதான் கையைப் பிடிச்சுக் கூட்டிவரோணும். பிள்ளை போட்டில வந்தா மாமியும் போட்டிலதான் வரோணும்."

அண்ணன் மகளுக்கு மாமி நான்தான். வேறு மாமி கிடையாது. இவ்வளவு காலமாகச் சடங்கு, முறை என்று எல்லாரையும் ஆட்டிவைக்கிற எனக்கு அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. சபையும் வீடியோவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் தலைசுற்றும் என்று சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதற்காகத்தான் அந்த ஐஸையெல்லாம் உடைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க வாயைத் திறந்தேன்.

"இண்டைக்கு நான் ஏறினனான்தானே" என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"ஓம், துறையில சொன்னவங்கள்" என்றார். "நான் இல்லாத நேரம்."