நெட்டையக்காவின் கிளிப் பலகை

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, குனிந்து கீழ் மடிப்பை எடுத்து, மறுபடி இழுத்து. நாங்கள் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இதுதான். தங்கும் விடுதிகளின் விரிப்புகளெல்லாம் இங்கேதான் துவைக்க வரும். ஆறு வருடம் என் எதிர்முனையில் நின்றவள் நெட்டையக்கா. நான் குள்ளம். அவள் கையை உயர்த்தினால் என் முனையும் சேர்ந்து மேலே போய்விடும். "தொங்காதடி, துணி கிழியும்" என்பாள்.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பியது. திட்டுவதும் கூடவே திரும்பியது. இடது கால் சற்று இழுத்துக்கொண்டு நடந்தது. இடது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து வெறுமனே தொங்கியது.

ஆறு மாதத்துக்கு அவள் பெயரைப் பதிவேட்டில் வைத்திருப்பதாகக் கம்பெனி சொன்னது. அதற்குள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். இதைக் கேட்டபோது அவள் படுக்கையில்தான் கிடந்தாள். "நான் வர்றேன்னு சொல்லு" என்று மட்டும் என்னிடம் சொல்லி அனுப்பினாள்.

விடுமுறை நாட்களில் போய்ப் பார்ப்பேன். அவள் மகள் ஒரு செல்போன் கடையில் வேலை பார்ப்பவள், தங்கமான பெண். தாயைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். அதுதான் பிரச்சினை.

"வாயத் தொறம்மா."

"நான் என்ன காக்காக் குஞ்சா? கரண்டியக் குடு."

"சிந்திடுவம்மா."

"சிந்தினா தரைதானே? தரை என்ன அழப் போகுதா?"

சிந்தினாள். முதல் மாதம் அந்த வீட்டில் சிந்தாத இடம் இல்லை. தட்டு நழுவி ஓடியது. ஒரு கையால் அள்ளினால் தட்டும் சேர்ந்து நகரும் என்பது இரண்டு கை உள்ளவர்களுக்குத் தெரியாது. அவள் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வரவழைத்து, வெட்டி விரித்துத் தட்டுக்குக் கீழே போட்டாள். தட்டு நின்றது. அன்றைக்கு அவள் சாப்பிட்டதை நான் பார்த்தேன். யாரையோ தோற்கடித்தவள்போல மென்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று புதிதாக முளைத்திருக்கும். மருத்துவமனையில் கைப்பயிற்சி தரும் பெண் ஒரு படப் புத்தகம் காட்டியிருந்தாள். அதில் இருந்ததைப் பாதி வாங்கினாள், பாதியை வீட்டிலேயே செய்துகொண்டாள். வெட்டும் பலகையில் அடியிலிருந்து இரண்டு ஆணி அடித்து, கூர்முனை மேலே நீட்டிக்கொண்டிருக்க, அதில் உருளைக்கிழங்கைக் குத்தி வைத்துத் தோல் சீவினாள். சோப்பை ஒரு காலுறைக்குள் போட்டுக் குழாயில் கட்டினாள். பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷைத் தொட்டிச் சுவரில் உறிஞ்சு ரப்பரால் ஒட்டிவிட்டு, தம்ளரை அதன்மேல் கவிழ்த்துச் சுழற்றினாள். துணி பிழிய, ஈரத்துணியைக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி முறுக்குவாள். ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் ஊசியைச் சோப்பில் செங்குத்தாகக் குத்தி நிறுத்திவிடுவாள். கழிவறைச் சுவரில் கைப்பிடி வந்தது. சட்டையின் பொத்தான்கள் போய், அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வந்தது. உள்ளாடைக் கொக்கியை மட்டும் எப்படிச் சமாளித்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே சொன்னாள். இங்கே எழுத முடியாது.

எதுவும் முதல் தடவையில் வரவில்லை. ஆணிப் பலகையில் விரல் குத்திக்கொண்டாள். உறிஞ்சு ரப்பர் நடுவில் கழன்று தம்ளர் பறந்தது. மகள் ஓடி வந்தால், "அங்கேயே நில்லு, இது எப்படி விழுந்துச்சுன்னு பாக்கணும்" என்று விழுந்த பொருளை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அழுது நான் பார்த்ததில்லை.

ஆறாவது மாதம் மகள் கெஞ்சிப் பார்த்தாள்.

"வீட்லயே இரும்மா. நான் பாத்துக்கறேன்."

"எதப் பாத்துப்ப? நான் சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கறதயா?"

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது சலவைக்கூடத்துக்கு வந்து நின்றாள். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. காகிதத்தில் எழுதியதைத் தவிர வேறு எதையும் நம்பாதவர், அவ்வளவுதான். அவளுடைய கையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மடிப்பு மேசைகள் நான்கு, நாங்கள் எட்டுப் பேர். அவள் இடத்தில் எனக்கு ஜோடியாக ஒரு புதியவள் வந்திருந்தாள்.

"உனக்கு ஜோடி இல்லம்மா. ஒரு கையோட யாருக்கும் உன்னை ஜோடி போடவும் முடியாது. அவங்க வேலையும் கெடும்."

"ஜோடி யார் கேட்டா? தனியா மடிக்கிறேன்."

"விரிப்பத் தனியா மடிக்கிறதா? ரெண்டு கை இருக்கறவளே மடிக்க மாட்டா."

"அவளுக்கு வழி தெரியல."

ஒரு வாரம் கொடுத்தார். ஒரு ஷிப்டுக்கு நூற்றைம்பது விரிப்பு. தினமும் எண்ணிக்கையைத் தன் கையாலேயே கரும்பலகையில் எழுதுவதாகச் சொன்னார். வாரக் கடைசியில் எண்ணிக்கை வராவிட்டால் பெயர் அடிக்கப்படும்.

மறுநாள் அவள் ஒரு நீளமான மரப்பலகையோடு வந்தாள். பரீட்சை அட்டையில் இருக்குமே, கட்டைவிரலால் அமுக்கினால் வாய் திறக்கும் கிளிப், அதில் பெரிய அளவாக இரண்டைப் பலகையின் இரு கோடியிலும் திருகி வைத்திருந்தாள். மூலையில் கிடந்த மேசைக்கு மேல், தன் உயரத்துக்கு, சுவரில் அதை மாட்டச் சொன்னாள். விரிப்பின் ஒரு முனையை ஒரு கிளிப்பில் கொடுப்பாள். ஓரத்தைத் தடவிக்கொண்டே போய் மறுமுனையை அடுத்த கிளிப்பில். துணி மேசைமேல் வழிந்து கிடக்கும், தரையில் படாது. அடி ஓரத்தைத் தூக்கி அதே கிளிப்புகளில் கொடுத்தால் பாதி ஆயிற்று. மறுபடி தூக்கினால் கால். பிறகு ஒரு கோடியைக் கழற்றி மறு கோடிக்குக் கொண்டுபோய், மேசையில் சாய்த்து, இடுப்பால் ஓரத்தை அழுத்தி, உள்ளங்கையால் ஒரு தேய்.

முதல் நாள் அறுபத்து மூன்று. இஸ்திரி இயந்திரத்தில் நிற்கும் வாயாடி, "அக்கா, இதுக்கு விரிப்பே தானா மடிஞ்சுக்கும்" என்றாள். "மடியட்டும், உன் வாய் மட்டும் மடியாது" என்றாள் நெட்டையக்கா. மூன்றாம் நாள் நூற்றிரண்டு. நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை வீணாக ஒரு அங்குலம்கூட அவள் நகர்த்தவில்லை. கடைசி நாள் நூற்று அறுபத்திரண்டு. சூப்பர்வைசர் தன் கையாலேயே எழுதினார். எழுதிவிட்டு வெகுநேரம் கரும்பலகை முன்னாலேயே நின்றார். அந்த நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரத் தொடக்கத்தில் எங்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டார்.

"ஒத்தக் கையால ஒருத்தி இவ்வளவு மடிக்கிறா. ரெண்டு கை இருந்தா இன்னும் எவ்வளவு? எல்லா மேசைக்கும் பலகை வருது. இனி ஜோடி கிடையாது. ஒரு மேசைக்கு ஒரு ஆள்."

மேசை நான்கு. கணக்குப் போடப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் யாரும் நெட்டையக்கா பக்கத்தில் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வாயாடியின் தங்கையும் எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தி. அதனால் வாயாடிதான் போய் எதிரே நின்றாள்.

"நல்லா இருக்குக்கா. ஒத்தக் கையால நாலு பேர் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்ட."

நெட்டையக்கா ரொட்டியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். நேரே சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

"சார், அது என் கை. என்கிட்ட ஒண்ணு வேலை செய்யலன்னு மரத்துல ஒண்ணு செஞ்சுக்கிட்டேன். நாலு பேர வெளிய தள்றதுக்கு நான் அத செய்யல."

"நல்ல யோசனை யார் சொன்னாலும் கம்பெனி எடுத்துக்கும். உனக்கு வேலை கிடைச்சுதில்ல? போய்ப் பாரு."

வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. எங்கள் நடுவில் வந்து, யாரும் இடம் விடாமலே உட்கார்ந்தாள்.

"அவர் மாட்டட்டும். உங்களுக்கு அது வராது."

"ஏன் வராது? எங்களுக்குத்தான் ரெண்டு கை இருக்கே" என்றாள் தங்கைக்காரி.

"இந்தப் பலகை எங்கெங்க எப்படியெல்லாம் தப்பாப் போகும்னு வீட்ல ரெண்டு மாசம் பாத்தவ நான். துணிய சாய்ச்சு இழுத்தா கிளிப் விட்டுடும். ஓரத்த மட்டும் நுனியில குடுத்தா, கடைசி மடிப்புல மொத்தமும் சரியும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல இழுத்தா பலகையே ஆடும். தப்பாப் பண்றதுல என்னவிட அனுபவம் இங்க எவளுக்கு இருக்கு?" அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "கத்துக்கிறீங்களா?"

முதலில் சிரித்தவள் வாயாடிதான். மிச்சமிருந்த இருபது நிமிடமும் நெட்டையக்கா தன் பலகையில் எங்களுக்குத் தவறாக மடிக்கக் கற்றுக் கொடுத்தாள். அதிலும் கண்டிப்பு. "வேணும்னே விடற மாதிரி தெரியுது பாரு, மறுபடி பண்ணு. முகத்துல கஷ்டம் தெரியணும்."

இரண்டு நாளில் பலகைகள் வந்தன. தச்சர் அவள் பலகையை அளந்து அதே உயரத்தில் நான்கையும் அறைந்துவிட்டார். அவள் உயரம் எங்களில் ஒருத்திக்கும் இல்லை. நான் ஒரு பெட்டியின்மேல் ஏறினேன். பெட்டியிலிருந்து இறங்கித்தான் மறுமுனைக்குப் போக வேண்டும், அங்கே மறுபடி ஏற வேண்டும். என்னைப் பொறுத்தவரை நடிக்கத் தேவையே இருக்கவில்லை.

மேசைக்கு ஒருத்தியாக நாங்கள் நால்வர் தொடங்கினோம். மற்ற நால்வர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கிளிப்புகள் 'டக் டக்' என்று விட்டன. துவைத்து உலர்ந்த விரிப்புகள் தரையில் விழுந்தன. விழுந்ததெல்லாம் மறுபடி துவைக்கப் போனது. மதியத்துக்குள் நான்கு பேரும் சேர்ந்து மடித்தது எண்பதைத் தொடவில்லை. சூப்பர்வைசர் பொறுக்காமல் என்னை விலக்கிவிட்டுத் தானே மடிக்க வந்தார். இரண்டு கையாலும் பலமாக ஒரு இழு இழுத்தார். விரிப்பு கழன்று அவர் தலையோடு மூடிக்கொண்டது. அதற்கு நாங்கள் பொறுப்பில்லை, அது உண்மையான தவறு.

"என்ன வேலை பாக்கறீங்க எல்லாரும்?" என்றார் துணிக்குள்ளிருந்து.

"எங்களுக்கு ரெண்டு கை இருக்கு சார், அதான் ஒண்ணுக்கொண்ணு குறுக்க வருது" என்றாள் தங்கைக்காரி, அழாத குறையாக.

மூலையில் நெட்டையக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் அதே கதை. விடுதிகளிலிருந்து போன்மேல் போன். வாசலில் வண்டி நின்றது, ஏற்றச் சரக்கில்லை. சூப்பர்வைசர் தச்சரைக் கூப்பிட்டு நான்கு பலகைகளையும் கழற்றச் சொன்னார். நான்கும் இறங்கி, நாங்கள் பழையபடி ஜோடியாக மடிக்கத் தொடங்கியதும் மூலைக்கு நடந்தார்.

"அதையும் கழட்டு."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நீதான் இவங்களுக்கு என்னமோ சொல்லிக் குடுத்திருக்க."

"நான் மூளையில அடைப்பு வந்தவ சார். எனக்கு என்ன சொல்லித் தரத் தெரியும்?"

"பலகை எல்லாருக்கும் இல்லன்னா உனக்கும் இல்ல. கழட்டுப்பா."

தச்சர் திருப்புளியோடு வந்தார். நெட்டையக்கா வழி விடவில்லை. பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றாள், வராத கை பக்கத்தில் தொங்க.

"கழட்டுங்க. ஆனா அதுக்கு முன்ன கரும்பலகையில உங்க கையால எழுதினத எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. நூத்தி அறுபத்திரண்டு. கெடு வெச்சது நீங்க, எண்ணினது நீங்க. அத அழிச்சுட்டு என் பேர அடிங்க. எல்லாரும் பாக்கறோம்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நான் ஒரு விரிப்பின் முனையைப் பிடித்திருந்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியாது, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்கும் கிடையாது. முனையை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கீழே போட்டேன். எதிர்முனைக்காரி என்னைப் பார்த்துவிட்டு அவளும் வைத்தாள். அடுத்த மேசை. அதற்கடுத்த மேசை. இஸ்திரி இயந்திரத்தை வாயாடி அணைத்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஒரு தடவை. பிறகு கையை எடுக்காமலே.

சூப்பர்வைசர் எங்களைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார். தச்சரிடம் ஏதோ முணுமுணுத்தார். தச்சர் திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

நெட்டையக்கா திரும்பினாள். பாதியில் தொங்கிய விரிப்பின் அடி ஓரத்தைத் தூக்கிக் கிளிப்பில் கொடுத்தாள். சூப்பர்வைசர் இன்னும் அங்கேயேதான் நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றாள். "வெளிச்சத்த மறைக்கிறீங்க."