அந்தரத்தில் ஒரு பூதம்

எண்பதுகளில் திண்டிவனத்தில், குழந்தைகள் கொண்டாடிய ஒரு பழைய மாயாஜாலப் படத்தை இசை நாடகமாகப் போட்டோம். பறக்கும் பூதம் நான்தான். மேடையோரம் முக்காலியில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டைக் கடலை விற்ற ஒரு அம்மாவை, "இங்க கடை போடாதம்மா, ஜல்தி நகரு" என்று விரட்டிவிட்டுத்தான் வேஷம் கட்டினேன்.

கிணற்றுக் கயிற்றில் என்னை ஒரு முழம் தூக்கியதும் பாட்டை நிறுத்தி, ஊர்த் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். கயிறு இழுத்தவர்கள் அதைத் தூணில் கட்டிவிட்டுக் கைதட்டப் போய்விட்டார்கள். கயிறு இடுப்பை அறுத்தது. பூதம் அழலாமா?

அந்த அம்மா முக்காலியோடு மேடையேறி வந்து என் காலடியில் போட்டார். "ஏறி நின்னுக்கோ நைனா. பூதத்துக்கு மட்டும் இடுப்பு வலிக்காதா?"

தலைவருக்கு விழுந்ததைவிடப் பலத்த கைதட்டல் அந்த அம்மாவுக்கு விழுந்தது.

இப்போதெல்லாம் மேடையோரம் கடை போடுகிறவர்களை நான் விரட்டுவதில்லை. முக்காலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.