குளியலறையிலிருந்து தாத்தா புறப்படுகிறார்

பேருந்து நிலையத்தில் அவள் குரலுக்கு இருந்த மதிப்பே தனி. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கின் பொத்தானை அழுத்தி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் போதும், பாதி வாழைப்பழம் வாயில் இருக்கிறவர்கூட பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வீட்டிலோ அதே குரல் செல்லாக்காசு.

மகள் வாண்டுக்கு விடியற்காலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. மாமனார் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். செய்தித்தாளோடு குளியலறைக்குள் போனால், காணாமல்போன நாய் பற்றிய விளம்பரம் வரை படித்து முடிக்காமல் கதவைத் திறக்கமாட்டார். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற மனுஷனுக்குத் தன் சாக்ஸ் எங்கே கிடக்கிறது என்று மட்டும் தெரியாது. அவள் அடுப்புக்கும் படுக்கைக்கும் குளியலறைக் கதவுக்குமாக ஓடி ஓடிக் கத்துவாள். சுவராவது எதிரொலிக்கும், இவர்களிடமிருந்து அதுவும் கிடையாது.

ஒருநாள் இந்தக் கூத்தையெல்லாம் முடித்துவிட்டு, காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்க மைக்கைப் பிடித்து அறிவித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அடித்தது. கணவர்.

"ஏம்மா, என் சாக்ஸ் எங்கே?"

வந்த கோபத்தில் மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டாள்.

"அடியில குனிஞ்சு பாருங்க! எத்தனை தடவை சொல்றது?"

நிலையம் மொத்தமும் குனிந்தது. ஆளாளுக்குத் தங்கள் இருக்கைக்கு அடியில் தலையை விட்டுத் தேடினார்கள். ஒரு பெரியவர் யாரோ எப்போதோ விட்டுப்போன குடையை இழுத்து எடுத்து, கண்ணாடி அறையைப் பார்த்து ஆட்டினார். "கிடைச்சிடுச்சும்மா! ரொம்ப நன்றி!"

நிலைய மேலாளர் முழங்காலைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "திட்டலாம்னுதான் வந்தேன். ஆனா நானே குனிஞ்சுட்டேனே, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திட்டறது?" என்றார்.

அவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மந்திரம் தன் தொண்டையில் இல்லை, ஒலிபெருக்கியில் இருக்கிறது.

அன்று மாலையே பழைய கைப்பேசி ஒன்றில், டிங்-டாங் மணியோடு காலை அறிவிப்புகள் எல்லாவற்றையும் பதிவு செய்து, தினமும் அந்தந்த நேரத்துக்குத் தானாகவே ஒலிக்கும்படி அலாரம் வைத்தாள். அதை ஒரு ஸ்பீக்கரோடு இணைத்து ஃபிரிட்ஜின் தலையில் உட்கார வைத்தாள். மறுநாள் காலை வீடே அதிர்ந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குளியலறையில் நிற்கும் தாத்தா இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

தடாலென்று கதவு திறந்தது. காதோரம் சோப்பு நுரையோடு மாமனார் நின்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"மணி அடிச்சா கிளம்பிப் பழகின உடம்பும்மா, அதான் வந்துட்டேன். அது சரி, 'புறப்படும்'னா என்ன அர்த்தம்? நான் என்ன பஸ்ஸா?"

"தப்புதான் மாமா. மாத்திடறேன்."

அடுத்த நாளிலிருந்து "தாத்தா அவர்கள் புறப்படுகிறார்" என்று வந்தது. அவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மாலை மரியாதைக்குக் காத்திருப்பவர் போல நிதானமாக வெளியே வந்தார். கணவருக்குக் காலுறை நிற்கும் நடைமேடை எது என்று தினமும் தெரிவிக்கப்பட்டது. வாண்டு உருண்டு புரண்டாவது எழுந்தாள். ஒருநாள் காலைச் சாப்பாடு கொஞ்சம் தாமதமானதற்கு, "தாமதத்துக்கு வருந்துகிறோம்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் ஒரே குறை.

மாடி வீட்டுத் தையல்காரரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு விடுமுறை நாளில் படபடவென்று இறங்கி வந்தார். "என்னம்மா, இன்னிக்குத் தாத்தா புறப்படலையா? அவர் புறப்பட்டாத்தான் நான் பாலை இறக்குவேன். மொத்தப் பாலும் பொங்கிப் போச்சு!"

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் வாண்டு கையை வைத்தாள். அன்று பள்ளியில் கணக்குப் பரீட்சை. வழக்கமான நேரத்தில் மணி அடித்தது. பிறகு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியது மாதிரி ஒரு குரல்: "தவிர்க்க முடியாத காரணத்தால் இன்றைய காலை முற்றிலும் ரத்து செய்யப்படுகிறது. அனைவரும் தூங்கவும்."

தாத்தா செய்தித்தாளை மடித்துவிட்டுப் படுத்தார். கணவர் ஒருக்களித்துப் படுத்தார். அறிவிப்பையே பிழைப்பாகக் கொண்ட அவளும் அரைத் தூக்கத்தில், "ரத்தா? சரி" என்று முனகிப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

வெயில் சுள்ளென்று முகத்தில் விழுந்தபோதுதான் அலறி எழுந்தாள். நிலையத்துக்கு ஓடினால், மேலாளரே மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும்... அந்த... அந்தப் பச்சைப் பஸ்ல ஏறுங்க" என்று திண்டாடிக்கொண்டிருந்தார். அங்கே இருந்ததில் முக்கால்வாசி பச்சைப் பஸ்.

மாலையில் வாண்டு உதை விழும் என்று தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள். அவளோ சிரிப்பும் கோபமும் கலந்து, மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"குரல் நல்லாத்தான் இருக்குடி. 'முற்றிலும்' எல்லாம் எங்கே பிடிச்சே?"

"உன்கிட்டதான்."

"அப்போ நாளையிலருந்து நீதான் அறிவிப்பாளர். பதிவெல்லாம் கிடையாது, நேரடியாப் பேசணும். ஆனா ஒண்ணு, அறிவிக்கிறவங்க மத்தவங்களுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும்."

வாண்டு யோசித்தாள். "யாரை வேணாலும் அதட்டலாமா?"

"மரியாதையா அதட்டலாம்."

மறுநாள் தலை குருவிக்கூடாக, கண் பாதி மூடியிருக்க, வீட்டில் முதல் ஆளாக வாண்டு எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதற்கும் தாமதமாகப் போனதில்லை. மகள் அதட்ட, தாத்தா புறப்பட, அவள் பல வருடம் கழித்து உட்கார்ந்து சூடாகக் காபி குடித்தாள். கோப்பையில் இன்னும் ரெண்டு வாய் மிச்சம் இருக்கும்போது வாண்டு தொண்டையைக் கனைத்தாள்.

"சமையலறையில் அமர்ந்திருக்கும் அம்மா அவர்கள், அந்த நாற்காலி அடுத்து அப்பாவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது."

"முடியாது போடி" என்றாள் அவள், காலை நீட்டிக்கொண்டு.