குளியல் தொட்டியில் ஒரு பல்சக்கரம்

டெல்பர்ட் கிரோஸ்கோஸ்ட் வீட்டுக் குளியல் தொட்டி கிறிஸ்துமஸிலிருந்து கார் கொட்டகையில்தான் குடியிருந்தது. மாடிக் குளியலறையில் இருக்கவேண்டிய பொருள். அவன் மனைவி நோரீன் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த வெள்ளைத் தொட்டி. காலை நீட்டிப் படுக்கலாம், தலை சாய்க்க வளைவு உண்டு, சோப்பு வைக்கத் தனியாக ஒரு குழி உண்டு. அடுத்த வாரம் மாட்டிவிடுகிறேன் என்று டெல்பர்ட் சொல்லிச் சொல்லியே பனி உருகி, வயலில் மக்காச்சோளம் இடுப்பளவு வளர்ந்துவிட்டது.

ஆள் கெட்டவன் இல்லை. குடிக்கு அடிமையில்லை, சீட்டைத் தொடமாட்டான், துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற தொழிற்சாலைக்கு ஒரு நாள் தாமதமாகப் போனவனில்லை. அவனுக்கு இருந்த ஒரே பலவீனம் அவனுடைய சிவப்பு மஸ்டாங் கார். ஓஹையோ மாநிலத்தின் அந்த மூலையில் அதைப் பலவீனம் என்று சொல்வதும் கஷ்டம். சனிக்கிழமை மாலையில் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வருவானா என்று யோசிக்கவேண்டிய ஊர் அது. சோளக்கொல்லைக்கு அந்தப்பக்கம் கால் மைல் நீளத்தில் ஒரு பந்தயப் பாதை, சனிக்கிழமைதோறும் பந்தயம். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரியும், பாயவேண்டியதுதான். அந்தக் கால் மைலைப் பதினான்கு நொடிக்குள் கடக்க டெல்பர்ட்டால் இன்றுவரை முடியவில்லை. நோரீனின் தம்பி டுவேனால் முடிந்தது. அதுதான் டெல்பர்ட்டின் நெஞ்சில் குத்திய முள்.

"என்ன மச்சான், பின்னாடி வீட்டையும் கட்டி இழுத்துட்டு வந்தியா?" என்பான் டுவேன், ஒவ்வொரு சனிக்கிழமையும்.

குறை எங்கே என்று டெல்பர்ட்டுக்குத் தெரியும். பின் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்கென்று வைத்த ஜோடி. டயர் ஒரு சுற்று சுற்ற, முன்னாலிருந்து வருகிற தண்டு மூன்று சுற்றுகூடச் சுற்றாது. நாலு சுற்றுக்கு மேல் சுற்றுகிற ஜோடியாக மாற்றினால் வண்டி பாயும். 4.10 என்ற அந்தச் சுற்றுக் கணக்கால் அதற்குப் பெயர் நாலு-பத்து. ஆனால் நோரீன் கட்டளை போட்டிருந்தாள்.

"தொட்டி மாடிக்கு ஏறாம அந்த அச்சைத் தொறந்தேன்னு வை, வண்டி டுவேன் வீட்டு வாசல்ல நிக்கும். சொல்லிட்டேன்."

நோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கடைசி சீட்டில் எழுந்து நிற்கிற பையனைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தே உட்காரவைப்பாள். சொன்னால் செய்வாள். இத்தனை வருடத்தில் ஒரு போலீஸ்காரன்கூட அவளைக் கை காட்டி நிறுத்தியதில்லை.

கோடை விடுமுறையில் அவள் டொலீடோ நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். அவள் கார் தெருமுனை திரும்பியதும் டெல்பர்ட் மஸ்டாங்கைத் தூக்கி நிறுத்திவிட்டான். கழற்றிய சாமான்களை எங்கே வைப்பது? அகலமாக, சுத்தமாக, கைக்கெட்டும் தூரத்தில் தொட்டி இருந்தது. துண்டை விரித்து எல்லாவற்றையும் அதில் அடுக்கினான்.

அந்த வேலையில் அவனைக் குறைசொல்ல முடியாது. பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் சுற்றி, பல்லும் பல்லும் எங்கே உரசியிருக்கிறது என்று பார்த்தான். தடம் பல்லின் அடியில் விழுந்தது. எல்லாவற்றையும் கழற்றி, காகிதம்போன்ற தகட்டை மாற்றி, மறுபடி பூட்டினான். இப்போது தடம் நுனிக்குப் போனது. மறுபடி கழற்றினான். கடைசியில் தடம் பல்லின் நட்டநடுவில் அழகாக விழுந்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மூடியைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, தெருவை ஒருதரம் சுற்றிவந்தான். பல் சரியாகச் சேராவிட்டால் வரும் ஊளைச் சத்தம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். ஒரு முனகல்கூட இல்லை. சந்தோஷத்தில் வேகமானியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பார்த்திருக்கவேண்டும். வேகமானி முள் தன் கணக்கை டயரிடமிருந்து எடுப்பதில்லை, முன்தண்டின் சுற்றிலிருந்துதான் எடுக்கிறது. தண்டு அதிகம் சுற்றினால் முள்ளும் அதிகமாகவே காட்டும். அதைச் சரிக்கட்ட கியர்பெட்டியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றவேண்டும். டெல்பர்ட் அதை வாங்கித்தான் இருந்தான். தொலைந்துவிடக்கூடாது என்று தொட்டியின் சோப்புக் குழியில் பத்திரமாக வைத்தான். தொட்டிமேல் ஒரு போர்வையைப் போர்த்தி மறைத்தபோது அதை அங்கேயே மறந்தான்.

அடுத்த சிக்கல்: புதுப் பல்லைப் பழக்கவேண்டும். ஐந்நூறு மைல் மிதிக்காமல், உறுமாமல், நடுநடுவே ஆறவிட்டு ஓட்டினால்தான் பல் ஒன்றோடொன்று இழையும். டெல்பர்ட்டுக்கோ தொழிற்சாலையில் கூடுதல் வேலை. அதோடு அவன் வலது காலை நம்பவும் முடியாது. இந்த மாவட்டத்திலேயே பதமாக வண்டி ஓட்டுகிற ஆள் யார் என்று யோசித்தான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அந்த ஆள் அக்கா வீட்டிலிருந்து திரும்பிவந்து எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"நோரீன், இந்த வாரம் என் வண்டிய எடுத்துட்டுப் போயேன். அக்காவ இன்னொரு தடவ பாத்துட்டு வா."

அவள் கையிலிருந்த பட்டாணி உருண்டு ஓடியது. "உன் வண்டியவா? எனக்கா?"

"உனக்கில்லாம வேற யாருக்குக் கண்ணு?"

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சாவியை அவன் யாரிடமும் கொடுத்ததில்லை. நோரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே அவனுக்குப் பிடித்த ருபார்ப் பை என்ற புளிப்பும் இனிப்புமான பலகாரத்தைச் சுட்டாள். டெல்பர்ட் இரண்டு துண்டு சாப்பிட்டான். இரண்டையும் அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டான்.

"என்ஜின் கொஞ்சம் கூச்சல் போடுதே?" என்று கேட்டாள் முதல் நாள்.

"வெயில்" என்றான் டெல்பர்ட்.

"ரோட்டுல எல்லாருக்கும் பைத்தியம் பிடிச்சிருக்கு. அத்தனை பேரும் என்னைத் தாண்டிப் பறக்கறாங்க."

"காலம் கெட்டுப்போச்சு" என்றான் அவன், நிஜமாகவே அப்படி நம்பி. பேருந்து ஓட்டுகிறவளுக்கு முள்தான் வேதம். அது ஐம்பத்தைந்து என்று சொன்னால் உலகம்தான் தப்பு.

வியாழக்கிழமை மாலை டெல்பர்ட் கொட்டகை வாசலில் நின்றபோது மஸ்டாங் ஊர்ந்து வந்தது. அதன் பின்னாலேயே ஒரு போலீஸ் கார்.

நோரீன் இறங்கினாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. "ஒரு சவ ஊர்வலம் என்னைத் தாண்டிப் போச்சு, டெல்பர்ட். ஹாரன் அடிச்சிட்டுப் போச்சு. பெட்டிக்குள்ள படுத்திருக்கறவருக்கு என்னைவிட அவசரம்!"

"ஐம்பத்தஞ்சு போகவேண்டிய ரோட்டுல மேடம் முப்பத்தேழுல வந்தாங்க" என்றான் அந்த இளம் போலீஸ்காரன். "எழுதலைங்க, ஐயா. முள்ளு தப்புன்னு பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. எங்க அண்ணன் வண்டியும் இப்படித்தான் ஆச்சு." அவன் மண்டியிட்டு வண்டியின் அடியில் எட்டிப்பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "அச்சு மூடில பசை புத்தம் புதுசு! நாலு-பத்துதானே? சத்தமே இல்லீங்க, ஐயா. யார் பண்ணது? அருமையான வேலை!"

வாழ்நாளில் டெல்பர்ட்டுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. சந்தோஷப்படத்தான் நேரமில்லை.

நோரீன் கொட்டகைக்குள் போனாள். தொட்டிமேல் கிடந்த போர்வையை உருவினாள். வெள்ளைத் தொட்டியில் கருப்புக் கருப்பாக எண்ணெய்த் தீற்றல், பழைய கிரவுன் சக்கரம், அவளுடைய நல்ல துண்டு. சோப்புக் குழியில் பொம்மைபோல் ஒரு சின்னப் பல்சக்கரம். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"நீ ஆசையாத்தான் சாவி குடுத்தேன்னு நெனச்சேன்" என்றாள். "பை வேற சுட்டேன்."

இதற்கு அவள் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் டெல்பர்ட் தாங்கியிருப்பான்.

வண்டியை வந்து எடுத்துக்கொள் என்று டுவேனுக்குத் தொலைபேசி பறந்தது. கையைத் தேய்த்துக்கொண்டே வந்து சேர்ந்தான். நடந்ததைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

"அக்கா, சவ வண்டிக்குப் பின்னாடியா? இந்தக் காருக்கே அவமானம். குடு, நான் எடுத்துட்டுப் போய் அதுக்கு ஓட்டம்னா என்னன்னு காட்டறேன்."

நோரீன் அவனை அந்தக் கண்ணாடிப் பார்வை பார்த்தாள். "சனிக்கிழமை என்னை ஜெயிச்சிட்டு எடுத்துக்கோ."

"உன்னையா?"

"என்னைத்தான். ஜெயிச்சா உனக்கு. தோத்தா இந்த வீட்டுப் பக்கம் வாயத் தொறக்கக்கூடாது." அப்புறம் டெல்பர்ட் பக்கம் திரும்பினாள். "நீ அங்க வரக்கூடாது. இந்தச் சின்னச் சக்கரத்த மாட்டு. தொட்டியத் தேச்சுக் கழுவு. நான் திரும்பி வரும்போது அது மாடில இருக்கணும்."

சனிக்கிழமை மாலை டெல்பர்ட் மாடிக் குளியலறையில், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தான். சன்னலைத் திறந்து வைத்திருந்தான். சோளக்கொல்லையைத் தாண்டி ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்டது. குழாயை முறுக்குவதும் காதைக் கொடுப்பதுமாக இருந்தான். தோற்றால் கார் போய்விடும். ஜெயித்தாலும் நோரீன் அவனை மன்னிப்பாளா என்று தெரியாது. அது காரைவிட அதிகமாக வலித்தது, அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு பெயரும் கேட்டன. இரண்டு என்ஜினும் உறுமின. தன் வண்டியின் குரலை அவன் தனியாகப் பிரித்துக் கேட்டான். ஊளை இல்லை, முனகல் இல்லை. மூன்றாவது கியர் விழுந்த பதத்தைக் கேட்டுத் தன்னை அறியாமல் எழுந்து நின்று தலையை இடித்துக்கொண்டான்.

"சிவப்பு விளக்கு!" என்று அலறியது ஒலிபெருக்கி. "டுவேன் பச்சைக்கு முன்னாலேயே கிளம்பிட்டார்! வெற்றி நோரீன் கிரோஸ்கோஸ்ட்! நேரம் பதிமூணு புள்ளி ஒன்பது எட்டு!"

வாழ்க்கையில் ஒருநாளும் பச்சைக்கு முன்னால் அசையாத பெண். டெல்பர்ட் தொட்டிக்குள் உட்கார்ந்து குழந்தைபோல் கை தட்டினான். தட்டி முடித்த பிறகுதான், தான் இத்தனை வருடம் முட்டி மோதிய பதினான்கு நொடியை அவள் முதல் ஓட்டத்திலேயே தாண்டிவிட்டாள் என்பது உறைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பல்லைப் பூட்டியது நான் என்று உரக்கச் சொல்லிக்கொண்டான்.

நோரீன் வந்தாள். புகையும் புழுதியுமாக நேரே மாடிக்கு ஏறினாள். தொட்டியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டெல்பர்ட் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"நோரீன், நான் பண்ணது தப்பு."

"தப்புதான்."

உள்ளே அவள் குழாயை மூடினாள்.

"டெல்பர்ட்."

"சொல்லு கண்ணு."

"நாலு-பத்துக்கு மேல வேற பல்லு இருக்கா?"

அவன் கதவோடு காதை ஒட்டிக்கொண்டான். "இருக்கு. நாலரை."

உள்ளே தண்ணீர் ஒருமுறை அலம்பியது.

"அப்ப அடுத்த வாரம் நான் மறுபடி அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள் நோரீன். "என் வண்டியில. மஸ்டாங் இங்கயே இருக்கட்டும்."