பின்னால பெருசு, முன்னால சின்னது

வண்டிக்கு டயர் மாத்துறதுக்காக அண்ணன் தம்பி ரெண்டு பேர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்ததை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்து, காலையில் எந்த ரோடு திறந்திருக்கும் எந்த ரோடு மூடியிருக்கும் என்று யாருக்கும் தெரியாத வருஷங்கள் அவை. நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, தியாகதுருகத்தில் வீட்டில் சும்மா இருந்தேன். அக்கா நர்சிங் முடித்து அரசு வேலைக்குக் காத்திருந்தாள். எங்களிடம் ஏழு பேர் உட்காரும் ஒரு எஸ்யூவி இருந்தது. "எங்களிடம்" என்றால் அப்பாவுக்குப் பாதி, பெரியப்பாவுக்குப் பாதி. மக்காச்சோளம் நன்றாக விளைந்த ஒரு வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. அதனால் அந்த வண்டி எங்கே போனாலும் ரெண்டு ஓனரும் உள்ளே இருப்பார்கள். ஒருத்தர் ஓட்டுவார், ஒருத்தர் குறை சொல்லுவார்.

டயர் நாலும் வழுவழு என்று தேய்ந்துபோனது. அப்பாவுக்கு, கொஞ்சம் உயரமாக, கட்டை கட்டையாகப் பல் வைத்த ஆல் டெரெய்ன் டயர் போட வேண்டும். மழை பெய்தால் எங்கள் கொல்லைக் காட்டுக்குப் போகும் களிமண் பாதையில் வண்டி எருமை மாதிரி படுத்துவிடும் என்பது அவர் கட்சி. பெரியப்பாவுக்குப் பழைய சைஸே போதும்.

"பெருசு போட்டா மைலேஜ் கம்மி, சத்தம் ஜாஸ்தி. உங்க அண்ணி ஏறி எறங்க நீ ஸ்டூல் தூக்கிகினு வர்றியாடா?" என்றார்.

நான் நாலும் பெரிசு கட்சி. களிமண்ணெல்லாம் எனக்கு எதற்கு, வண்டி கெத்தாக நிற்கும், அவ்வளவுதான். என் ஓட்டு செல்லாது என்று ரெண்டு பேரும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாகச் சொன்னார்கள்.

கள்ளக்குறிச்சி டயர் கடையில் ஒரு மணி நேரம் சண்டை. கடைக்காரர் ரெண்டாவது டீயும் சொல்லிவிட்டார். கடைசியில் பெரியப்பாதான் தீர்ப்பு சொன்னார். நிலத்தைப் பாகம் பிரிக்கிற மாதிரி வண்டியைப் பாகம் பிரித்தார். பின்பாதி அப்பாவுக்கு, அதில் பெரிய டயர். முன்பாதி அவருக்கு, அதில் பழைய சைஸ்.

"நாலும் ஒரே சைஸா போட்டுக்குங்கண்ணே" என்று கடைக்காரர் இழுத்தார்.

"ஏன், டிராக்டர் ஓடலயா? பின்னால பெருசு, முன்னால சின்னது. உழுதுகினு தானே இருக்கு?"

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா யோசித்து, "அது சரிதான்" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

"நீ இரும்மா. உங்க காலேஜ்ல டிராக்டர் இருந்துச்சா?" என்றார் பெரியப்பா.

இல்லைதான். டயர் மாட்டி வெளியே வந்து பார்த்தால், மாடு குனிந்து தண்ணி குடிக்கிற மாதிரி மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நிற்கிறது வண்டி. அப்பாவும் பெரியப்பாவும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பெருமையாகப் பார்த்தார்கள். கூட வந்திருந்த அக்கா என் காதில், "சாமி கும்புடுதுடி" என்றாள். நாங்கள் ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் அக்காவுக்கு அழைப்பு வந்தது. சேலத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. மதியத்துக்குள் நேரில் வரவில்லை என்றால் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும். அக்கா முந்தின நாளே போய்த் தங்குகிறேன் என்றாள். "வூட்டுல வண்டி வச்சிகினு லாட்ஜுல தங்குவியா?" என்று ரெண்டு ஓனருக்கும் ரோஷம் வந்துவிட்டது. விடிந்ததும் நாலு பேரும் கிளம்பினோம். கள்ளக்குறிச்சி தாண்டியதும் ரோடு முழுக்க ஆட்கள். குறுக்கே ஒரு புளிய மரம் கிடந்தது.

அக்கா இறங்கிப் போய்ப் பேசினாள். நானும் பின்னாலேயே போனேன். துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒரு அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன்ன மாதிரி படிச்ச புள்ளைங்களுக்கு வேல வேணும்னு தான் இங்க உக்காந்துகினு இருக்கோம்."

"எனக்கு வேல வந்துடுச்சிண்ணா. நீங்க கொஞ்சம் எழுந்தீங்கன்னா போய் வாங்கிக்குவேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மரம் சிரிக்காதே. அதை அசைக்க முடியாது, பின்னால் இன்னும் ரெண்டு கிடக்கிறது என்றார். "மலை மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கிடுங்க. கருமந்துறைல சேலம் பஸ்ஸு கெடைக்கும். அங்க மறியல் இல்ல" என்று அவரே வழியும் சொல்லி, வண்டியைத் திருப்ப இடமும் பண்ணிக் கொடுத்தார்.

கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினோம். மழை தூறிக்கொண்டே இருந்தது. கரியாலூரில் நிற்கக்கூட இல்லை. வழக்கமாக அங்கே இறங்கி, சுடச்சுட எதையாவது தின்றுவிட்டு, அருவிக்குப் போகலாமா வேண்டாமா என்று அடித்துக்கொள்வோம். அன்றைக்கு அக்கா ஃபைலை மடியில் வைத்து ரெண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

வெள்ளிமலையைத் தாண்டியதும் ஒரு இடத்தில் ரோடு வேலை பாதியில் நின்றிருந்தது. சிவப்புச் சேறு. பின் சக்கரம் ரெண்டும் செமத்தியாகப் பிடித்தது. முன் சக்கரம் ரெண்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு வழுக்கியது.

"பாத்தியா, என் பாதி தள்ளுது, உன் பாதி வழுக்குது" என்றார் அப்பா.

"ஃபோர் வீல் போடுடா, பேசாத."

அப்பா கியர் பக்கத்தில் இருந்த சின்ன லிவரை இழுத்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க, வண்டி உறுமிக்கொண்டு சேற்றிலிருந்து வெளியே வந்தது. ரெண்டு ஓனரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் லிவரைத் திரும்பத் தள்ள மறந்துவிட்டார்கள்.

சேறு முடிந்து புது சிமென்ட் ரோடு வந்தது. கொஞ்ச தூரத்தில் அடியில் கட கட என்று ஒரு சத்தம். அப்புறம் யாரோ வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு கனம். கொண்டை ஊசி வளைவில் அப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார். பாதி திரும்பி, ரோட்டுக்குக் குறுக்கே அப்படியே நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் நடுங்குகிறது, நகரவில்லை. லிவரும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேற்றில் சக்கரம் வழுக்கிக்கொள்ளும், ஒன்றும் ஆகாது. சிமென்டில் வழுக்காது. சின்ன சக்கரம் ஜாஸ்தி சுற்ற வேண்டும், பெரிய சக்கரம் கம்மியாகச் சுற்ற வேண்டும், உள்ளே பல்சக்கரம் ரெண்டையும் ஒரே வேகத்தில் சுற்று என்கிறது. துணியைப் பிழிகிற மாதிரி உள்ளே எல்லாம் முறுக்கிக்கொண்டுவிட்டது. டிராக்டரில் சின்ன சக்கரத்துக்குத் தகுந்த மாதிரி பல் வைத்திருப்பான். எங்கள் வண்டிக்கு வைத்தது பெரியப்பா.

அக்கா மணி பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். நடக்கத் தயாராகிவிட்டாள்.

அந்த நேரம் எங்கள் பின்னால் ஹாரன் சத்தம். பலூன் கட்டிய ஒரு பிக்கப் வண்டி. தார்ப்பாய்க்குக் கீழே இருபது பேராவது இருப்பார்கள், நடுவில் ஒரு மேளம். முன்னால் டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும். பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊருக்குப் போகிற கல்யாணக் கூட்டம். எங்கள் வண்டி அவர்கள் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கிறது.

பின்னாலிருந்து ஒரு அத்தை தலையை நீட்டினாள். மாப்பிள்ளைக்கு அத்தை என்று அப்புறம் தெரிந்தது.

"இன்னாங்க, நீங்களும் மறியலா? உங்களுக்கு இன்னா வேணும், சொல்லிட்டு வழி வுடுங்க. பொண்ணு தாலி கட்டிக்கணும்."

பெரியப்பா கும்பிட்டார். நான்தான் இறங்கி ஓடினேன். "பின்னால ஒரு சக்கரத்த மட்டும் தரையில இருந்து தூக்கிட்டா முறுக்கு வுட்டுடும்ணா. ஜாக்கி வைக்க நேரமில்ல" என்றேன். கல்யாண வேட்டி கட்டியவர்கள், சட்டையில் சந்தனம் காயாதவர்கள், எல்லாரும் குதித்து இறங்கினார்கள். மேளக்காரர் மட்டும் மேளத்தைக் கீழே வைக்க மனசில்லாமல் அடித்து உற்சாகப்படுத்தினார். ஏலேலோ என்று பின் மூலையைத் தூக்கினார்கள். சக்கரம் தரையை விட்டதும், வெறி பிடித்த மாதிரி தானாக ஒரு சுற்று சுற்றியது. பக்கத்தில் நின்ற ஒருத்தர் வேட்டி முழுக்கச் சேறு.

"போச்சுடா, என் பொண்டாட்டிகிட்ட யாரு பதில் சொல்றது?" என்றார் அவர்.

லிவர் வந்தது. வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டோம். ஆனால் அடியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இனிமேல் மலையில் இறக்க முடியாது என்று எல்லாருக்கும் புரிந்தது.

இதற்குள் அத்தை அக்காவின் கையில் இருந்த செருப்பையும் ஃபைலையும் பார்த்து, என்ன ஏது என்று விசாரித்துவிட்டாள். கேட்டு முடித்ததும் முன்சீட்டுக் கதவைத் திறந்தாள்.

"மாப்ள, எறங்கு."

"நான் மாப்ள அத்தை!"

"மாப்ளன்னா நனைய மாட்டியா? அந்தப் பொண்ணு கையில காயிதம் வச்சிகினு இருக்குது. நீ இன்னா வச்சிகினு இருக்க? எறங்கு."

மாப்பிள்ளை இறங்கினார். கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள். அக்கா ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பின்னால் ஏறி, தார்ப்பாய் ஒழுகுகிற இடத்தில், மாலை நனைய நின்றார். "இப்பவே எடம் போச்சு, இனிமே வூட்டுலயும் உனுக்கு வாசல்தான்டா" என்று எல்லாரும் அவரைக் கலாய்த்தார்கள்.

அவர்கள் ஊர் கருமந்துறைக்கு முன்னாலேயே வந்துவிடும் என்று டிரைவர் சொன்னார். அத்தை ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"முதல்ல இவள பஸ் ஏத்திட்டு வந்துடலாம். நல்ல நேரம் இன்னும் கெடக்கு. பொண்ணு, நீ இன்னா சொல்ற?"

கல்யாணப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "போய்ட்டே வரலாம் அத்தை. எனக்கும் ஒரு ரவுண்டு ஆச்சு" என்றாள்.

மேளம் அடித்துக்கொண்டே பிக்கப் வளைவில் இறங்கி மறைந்தது. அப்பாவும் பெரியப்பாவும் நானும் மழையில் நின்றோம். பெரியப்பா டயரை ஒரு தட்டு தட்டி, "தம்பி, முன்னாலயும் பெருசே போட்டுடலாம்" என்றார். அப்பா, "வேணாண்ணா, பின்னாலயும் சின்னதே போட்டுடலாம்" என்றார். மறுபடியும் சண்டை ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தம்தான் எனக்கு இன்றைக்கும் ரொம்பப் பிடித்த சத்தம். அதற்கப்புறம் கட்டி இழுத்து வந்து, ஒர்க்‌ஷாப்பில் கிடந்து, கடைசியில் வண்டியை விற்றுவிட்டார்கள். இப்போது ரெண்டு பேருக்கும் தனித்தனி கார். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சத்தமும் இல்லை.

அன்றைக்கு மதியம் தாண்டி அக்காவிடமிருந்து போன் வந்தது. "முடிஞ்சிடுச்சுடி" என்று மட்டும் சொன்னாள். பஸ் கிளம்பும்போது கல்யாணப் பெண் தன் தலையிலிருந்து கொஞ்சம் பூவைக் கிள்ளி இவளுக்கு வைத்துவிட்டாளாம். அவர்கள் பேரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. ஒரே நாளில் ரெண்டு தடவை எங்களுக்கு வழி அடைபட்டது, ரெண்டு தடவையும் முன்பின் தெரியாதவர்கள்தான் வழிவிட்டார்கள். ரெண்டாவது தடவை வழியை அடைத்ததே நாங்கள்தான். வழியில் நிற்கிற யாரைப் பார்த்தாலும் ஹாரன் அடிக்க எனக்கு இன்னும் கை வருவதில்லை.

இன்றைக்கு அக்காவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் காலை டூட்டி. போன் எடுக்க மாட்டாள்.