திருமலைச்சாமி அடித்த கோல்

திருமலைச்சாமியை ஒரு இடத்தில் உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. மில் கேன்டீனில் நாங்களெல்லாம் பெஞ்சில் சாய்ந்து டீ குடித்தால், அவன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பான். "ஏலே, காலுல கட்டெறும்பா ஏறிருக்கு? உக்காந்து குடிச்சுத் தொலையேன்டா" என்று கத்துவேன். "உக்காந்தா புழுங்குதுண்ணே" என்பான். நடந்தால் மட்டும் வத்தலக்குண்டில் குளிர்காற்றா வீசுகிறது? அவனிடம் பேசிப் பிரயோசனமில்லை.

நான் சுப்புராஜ். அந்த நூல் மில்லில் ஃபிட்டர். மில்லின் கால்பந்து டீமில் லெஃப்ட் இன். ஜில்லா லீக்கின் இரண்டாவது டிவிஷனில் நாலு வருசமாக நடுவிலேயே கிடந்தோம். மேலேயும் ஏறவில்லை, கீழேயும் விழவில்லை. எங்கள் மானேஜருக்கு அது மானப் பிரச்சினை. பக்கத்து மில்லின் டீம் முதல் டிவிஷனில் ஆடியது. சீட்டாட உட்காரும்போது அந்த மில் மானேஜர் இவரைக் குத்திக்காட்டுவாராம். பெரிய மனிதர்களின் ரோஷத்துக்கு நாங்கள் வெயிலில் ஓட வேண்டியிருந்தது.

அறுபத்தொன்றாம் வருசம் கொடைக்கானல் சீசனுக்குப் போன மானேஜர், அங்கே ஒரு பந்தயத்தில் திருமலைச்சாமி ஆடியதைப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டி வந்துவிட்டார். வில்பட்டிக்காரன். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். மேட்டில் ஏறி இறங்கிய கால், சமதரையில் விட்டால் கேட்க வேண்டுமா? முதல் நாள் பயிற்சியிலேயே தடுத்தாடுகிற எங்கள் பேக் இருவரும் அவன் பின்னால் ஓடி நாக்குத் தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள்.

அவனுக்குக் கிடைத்தது பதிலி வேலை. யாராவது லீவு போட்டால் அன்றைக்கு மெஷின் உண்டு. இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். மானேஜர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "டீம் முதல் டிவிஷனுக்கு ஏறிட்டா அடுத்த வாரமே உனக்குப் பெர்மனென்ட் ஆர்டர். ஏறலேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு மலைக்கே போயிரு."

மலைக்குப் போகத்தான் அவனுக்கு வழியில்லை. இறங்கி வரும்போது அண்ணனோடு பெரிய சண்டை. "பந்து ஒதைக்கப் போறவனுக்கு நெலம் எதுக்குடா?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். இந்த முன்கோபி உடனே மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய நிலத்தில் தன் பங்குப் படுகையை அவருக்கே எழுதிக் கொடுத்து, "இனி ஒன் மண்ணுல கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். மனைவி பொன்னுத்தாயோடு வத்தலக்குண்டில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தான். தை மாதம் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. அந்த ஆர்டர் வராவிட்டால் மூன்று உயிரும் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கே தெரியாது.

இதில் இன்னொரு கூத்து. பொன்னுத்தாயின் அண்ணன் நல்லுசாமி அதே டிவிஷனில் மதுரைக் கிளப் ஒன்றுக்குக் கோல் கீப்பராக ஆடினான். லீக் முடிந்தால் வில்பட்டிக்கே திரும்பி மண்வெட்டியைப் பிடிக்கிறவன். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பூண்டுப் படுகையில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். ஜனவரியில் மதுரையில் ஆடியபோது, திருமலைச்சாமி அடித்த அத்தனையையும் நல்லுசாமி பிடித்துவிட்டான். கோல் இல்லாமல் முடிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இவனோ ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய், "மச்சான், மேல பூண்டு மொளச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான்! "ஒன் சோலியப் பாருடா, அவன் ஒன் பொழப்பையே பிடிச்சு வச்சிருக்கான்" என்றேன். "அவரு வேலைய அவரு பாக்குறாருண்ணே" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு பங்குனிக்குள் போய்விட்டது. ஒரு வாரம் ஜெயிப்போம், மறு வாரம் தேனியிலோ திண்டுக்கல்லிலோ தோற்றுத் திரும்புவோம். மில் லாரியில் பஞ்சு மூட்டைமேல் நாங்கள் தூங்கிக்கொண்டு வருவோம், இவன் மட்டும் கம்பியைப் பிடித்து நின்றபடி, "அவங்க தோத்தா நம்ம ஏறுவோமாண்ணே? அந்த டீம் டிரா பண்ணா?" என்று நச்சரித்துக்கொண்டே வருவான். வெள்ளனே எழுந்து மில் கேட்டுக்கு வந்து, யார் லீவு என்று வாட்ச்மேனைக் கேட்பான். மெஷின் இல்லையென்றால் வீட்டுக்கும் போகமாட்டான். ரோட்டில் மேற்கே பார்த்து நடப்பான், மலை தெரிகிற இடம் வரைக்கும் போய்த் திரும்புவான். பொன்னுத்தாய் என்னிடம் வந்து புலம்பினாள்: "அண்ணே, இவுக சோத்தக் கூட நடந்துக்கிட்டே திங்கிறாக. என்னான்னு கேளுங்க." நான் என்ன கேட்க? வேலை நிரந்தரமாகாதவனுக்குக் காலும் நிற்காது.

கடைசி ஆட்டம் மே மாதம். லீக் கமிட்டிப் பெரியவர்களெல்லாம் சீசனுக்கு மேலே போய்விட்டதால், ஆட்டத்தையும் கொடைக்கானலுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு எதிரி அந்த மதுரைக் கிளப்தான். முதல் டிவிஷனுக்கு ஏற அவர்களுக்கு டிரா போதும். நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டும்.

வில்பட்டியே மைதானத்தைச் சுற்றி நின்றது. அவர்களுக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள். யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் இருவருக்கும் தட்டினார்கள். திருமலைச்சாமியின் அண்ணன்கூட ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். பந்தலில் மானேஜரும் மற்றப் பெரியவர்களும் நாற்காலியில். ஒலிபெருக்கி வேறு கட்டியிருந்தார்கள். முதல் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள், இரண்டாம் பாதியில் திருமலைச்சாமி தலையால் முட்டி ஒன்று போட்டான். ஒன்றுக்கு ஒன்று. அப்புறம் என்ன முட்டியும் நல்லுசாமியைத் தாண்டிப் பந்து போகவில்லை. பத்து நிமிசம்தான் பாக்கி.

அப்போதுதான் ஏரிப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்தது. பந்தல் மறைந்தது, ஜனம் மறைந்தது, ரெஃப்ரீ பாதி மறைந்தார். நல்லுசாமி ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்து எழுந்தான். வெளியிலிருந்து யாரோ, "மூடிருச்சேய்!" என்று நீளமாகக் கத்தினார்கள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நல்லுசாமி பந்தைத் தரையில் வைத்தான். இரண்டடி தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டான். அவனுக்கு எதிரே நாலடியில் திருமலைச்சாமி, ஒரு நிமிசம் ஒரு இடத்தில் நிற்காத அந்த மனிதன், நட்ட கல்லாக நிற்கிறான். ரெஃப்ரீ விசில் ஊதவில்லை. பந்து அநாதையாகக் கிடக்கிறது. "அடிடா! அடிச்சுத் தொலைடா!" என்று கத்தினேன். அவன் கையை உயர்த்தி, வேண்டாம் என்பது போல ஆட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில், ஒரு வருசமாக இவன் பட்ட பாடெல்லாம் கண்முன்னால் வந்து நின்றது. ஓடிப்போய் ஒரே உதை. பந்து வலைக்குள் போன சத்தம் கேட்டது. அதற்கப்புறம் விசில் சத்தம்.

ரெஃப்ரீ நோட்டோடு ஓடி வந்தார். "கோல்! யார் அடிச்சது?" மஞ்சுக்குள் இரண்டு பச்சைப் பனியன்கள், யார் எவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் யோசிக்கவே இல்லை. நான் எட்டு வருசமாகப் பெர்மனென்ட். எனக்கு எதற்குக் கோல்? அவன் பேரில் இருந்தால் மானேஜர் வாக்கு மாற முடியாதே. "திருமலைச்சாமி சார்" என்றேன்.

நல்லுசாமி அருகில் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "மாப்ளே, நீயா அடிச்ச?" என்று கேட்டான். திருமலைச்சாமி என்னைப் பார்த்தான். பந்தல் இருந்த திசையைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. அதற்குள் ஒலிபெருக்கி அவன் பேரை மலை முழுக்கச் சொல்லிவிட்டது. ஜனத்திடமிருந்து ஒரு கைதட்டல்கூட வரவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். மஞ்சு விலகியபோது மானேஜர் மாலையோடு வந்தார். வில்பட்டிக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். திருமலைச்சாமி மாலையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு அவர்கள் பின்னால் ஓடினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வந்தவன்தான் விசயத்தைச் சொன்னான். அவர்கள் படுகையில் ஆடும்போது ஒரு பக்கம் மூன்றாள் ஆழத்துக்குப் பள்ளம். மஞ்சு இறங்கினால் எவனாவது "மூடிருச்சு" என்று கத்துவான். பந்து யாரிடம் இருக்கிறதோ அவன் தரையில் வைத்துவிட வேண்டும், விலகும் வரை ஒருவரும் அசையக் கூடாது. அசைந்தால் எவனாவது பள்ளத்தில் விழுந்து சாவான். அந்த நேரத்தில் பந்தைத் தொட்டவனோடு அப்புறம் ஊரில் யாரும் ஆடுவதில்லை, பேசுவதும் இல்லை.

"அடப்பாவி, முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? வா, இப்பவே போய் நான்தான் அடிச்சேன்னு சொல்லிட்டு வந்துருவோம்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம்ணே. ரெஃப்ரீகிட்ட பேர மாத்திச் சொன்னது தெரிஞ்சா கோலையே தள்ளிருவாங்க. ஆர்டர் வரட்டும். அப்பறம் நானே போய்ச் சொல்லிக்கிறேன்." நியாயமாகத்தான் பட்டது. உள்ளதைச் சொன்னால், எனக்கும் பயமாக இருந்தது.

அடுத்த வாரமே ஆர்டர் வந்தது. ஆவணியில் ஆண் பிள்ளை பிறந்தது. நல்லுசாமி எட்டிப் பார்க்கவில்லை. பொன்னுத்தாய் எழுதிப்போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. "வெளையாட்டுல அடிச்ச ஒரு கோலுக்குக் கூடப் பொறந்த அண்ணன் இப்பிடியா கோவிப்பாக?" என்று அவள் அழுவாள். இவன் எழுந்து தெருவுக்குப் போய்விடுவான். எப்போது போய்ச் சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கும்போதெல்லாம், தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தான். ஆர்டர் இருந்தும் அவன் கால் நிற்கவில்லை. முன்பு இருந்ததைவிட மோசம். டீம் முதல் டிவிஷனில் ஆடிய அந்த வருசம், இரண்டு ஆட்டத்தில் பாதியிலேயே வெளியே வந்துவிட்டான்.

மறு வருசம் ஆனியில் பிள்ளைக்குப் பழனியில் முடியிறக்கம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை போட வேண்டும். நல்லுசாமிக்குக் கடிதம் போட்டு, ஆள் விட்டும் சொல்லியாயிற்று. காலையிலிருந்து சரவணப்பொய்கைப் பக்கம் காத்திருந்தோம். வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் திருமலைச்சாமி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வெயில் ஏறிவிட்டது. பிள்ளை அழுகிறது. நாவிதர் பொறுமை இழந்து, "தாய்மாமன் யாருங்க? வெரசா உக்காரச் சொல்லுங்க" என்றார்.

திருமலைச்சாமி என்னைக் காட்டினான். "இவருதான்." நான் அதிர்ந்துபோய்ப் பார்த்தேன். "உக்காருங்கண்ணே. பொன்னுத்தாய் ஒங்கள அண்ணேன்னுதான கூப்பிடுறா?" என்றான்.

உட்கார்ந்தேன். பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை என் மடியில் வைத்தாள். நாவிதர் தண்ணீர் தெளித்து முடியை நனைத்தார். அந்தத் தண்ணீர் என் வேட்டியில் வழிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எவனுடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் நான்? "தாயீ, அந்தக் கோல அடிச்சது நான். ஒன் புருசன் இல்ல. அவன் அசையவே இல்ல. நான்தான் அவன் பேரச் சொன்னேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. புருசனைப் பார்த்தாள். "ஒங்களுக்கு இது அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்து, ஈரத் தலையை முந்தானையால் மூடி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். "கெடுத்துட்டீங்களேண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் அவள் பின்னால் ஓடினான்.

நாலு நாள் ஆள் இல்லை. ஐந்தாம் நாள் மில் கேட்டில் அவனைப் பார்த்தேன். தனியாக வந்திருந்தான்.

"என்னடா ஆச்சு? நல்லுசாமி என்ன சொன்னான்? என்மேல கொலவெறில இருப்பானே?"

"ஒங்க மேல ஒண்ணும் இல்லண்ணே. 'கீழ ஊர்க்காரருக்கு நம்ம வழக்கம் எப்பிடித் தெரியும், அவரு மேல என்ன குத்தம்'னுட்டாரு."

"பெறகென்ன?"

"'நேருக்கு நேரா நின்னு நீயான்னு கேட்டேனே, ஒனக்கு வாய் இருந்துச்சுல்ல'ன்னாரு. அதுக்கு மேல எங்கிட்டப் பேசல. வில்பட்டியில அவரு மடியில புள்ளைய வச்சு மொட்ட எடுத்தாக. நான் வாசல்ல நின்னு பாத்தேன்."

ஷிப்ட் சங்கு ஊதியது. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

"பொன்னுத்தாய் எப்படா வருது?"

"வரலண்ணே. 'எங்க அண்ணன வித்து வாங்குன வேலை. நீங்களே பாருங்க'ன்னுட்டா" என்று சொல்லிவிட்டு, வாட்ச்மேனிடம் தன் பெர்மனென்ட் டோக்கனைக் காட்டி உள்ளே போனான்.